ஒற்றைக் கைக் கும்பிடு

கார்த்திகை தீபத்துக்கு எங்கள் வீட்டுக்கு விருந்தாளி வருவார் என்று சொன்னால் பள்ளிக்கூடத்தில் யாரும் நம்ப மாட்டார்கள். வாசல் நிலைக்கு மேல் சிலுவையும் கேட்டில் வேத வசனம் எழுதிய பலகையும் மாட்டிய வீடு அது. ஆனாலும் ஒவ்வொரு தீபத்துக்கும் முதல் நாள், பெரியம்மா கீழ்பென்னாத்தூரில் பஸ் ஏறி, வேங்கிக்காலில் இருந்த எங்கள் வீட்டில் வந்து இறங்கிவிடுவார். தோளில் ஒரு துணிப்பை, இடுப்பில் மல்லாட்டை மூட்டை. வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது.

பெரியம்மா என்றால் அப்பாவின் அண்ணன் மனைவி. அப்பா படிக்கிற காலத்தில் ஆண்டவரை ஏற்றுக்கொண்டு, பிறகு கலெக்டர் ஆபீஸில் வேலை கிடைத்து டவுனுக்கு வந்துவிட்டவர். பெரியப்பா குடும்பம் நிலத்தோடும் மாட்டோடும் குலதெய்வத்தோடும் ஊரிலேயே இருந்தது. மலை உச்சியில் தீபம் ஏற்றியதும் பெரியம்மா வெறுங்காலில் கிளம்பிப் பதினான்கு கிலோமீட்டர் மலையைச் சுற்றிவிட்டு எங்கள் வீட்டுக்குத்தான் திரும்புவார். அம்மா வெந்நீரில் உப்புப் போட்டு, அகலமான பிளாஸ்டிக் டப்பில் ஊற்றி வைத்திருப்பார். அம்மா பரம்பரைக் கிறிஸ்தவர். கிரிவலம் போய் வந்த காலுக்கு வெந்நீர் வைப்பது அவருக்குத் தப்பாகத் தெரியவில்லை. எனக்குத்தான் தெரிந்தது.

எனக்கு அப்போது பத்து வயது. ஞாயிறு பள்ளியில் வசனம் ஒப்பிப்பதில் எப்போதும் முதல் பரிசு. அந்த வருஷம் விக்கிரகங்கள் வீண் என்பதைப் பற்றி மூன்று வாரம் பாடம் நடந்தது. டீச்சர் ஒரு களிமண் பொம்மையை மேசைமேல் வைத்து, அதனிடம் மணி கேட்கச் சொன்னார். நாங்கள் வரிசையாகப் போய் ஒவ்வொருவராகக் கேட்டோம். பொம்மை கடைசிவரை மணி சொல்லவில்லை. அதோடு உலகத்தில் உள்ள சமயச் சிக்கல் எல்லாம் எனக்குத் தீர்ந்துபோயிற்று.

தீபம் மலைமேல் பதினோரு நாள் எரியும். எங்கள் வீட்டு ஹால் ஜன்னலிலிருந்து பார்த்தால் நேராகத் தெரியும். அதனால் பதினோரு நாளும் சாயங்காலம் ஆறு மணிக்கு நான் போய் ஜன்னல் திரையை இழுத்து மூடிவிடுவேன். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகமே இருண்டுவிடும் என்று நினைக்குமாமே, அந்தக் கணக்குதான். ஒரு வருஷம் தீபத்துக்கு மறுநாள் நான் குளித்துக்கொண்டிருந்தபோது ஆறு மணி ஆகிவிட்டது. அவசரமாக ஓடி வந்து பார்த்தால் திரை ஏற்கெனவே மூடியிருந்தது. பெரியம்மாதான் மூடியிருக்கிறார். "பாப்பாவுக்கு ஆவாதுல்ல" என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். தீபத்தைப் பார்ப்பதற்காகவே பஸ் ஏறி வந்தவர் அவர் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. நல்லவேளை, மூடியாயிற்று என்று தலை துவட்டப் போய்விட்டேன்.

எங்கள் வீட்டில் இன்னொரு பொருளும் இருந்தது. வருஷப் பிறப்பன்று காலை ஆராதனை முடிந்ததும் சபையில் ஒரு தாம்பாளத்தில் வாக்குத்தத்த அட்டைகளைக் கவிழ்த்து வைப்பார்கள். குடும்பத்துக்கு ஒருவர் போய் ஒன்றை எடுக்க வேண்டும். அதில் இருக்கும் வசனம் அந்த வருஷத்துக்கு அந்தக் குடும்பத்துக்கான வாக்கு. எங்கள் வீட்டில் எடுக்கிற கை என்னுடையது. அந்த வருஷம் நான் எடுத்த அட்டையில், எந்த நோயும் உன் வீட்டை நெருங்காது என்ற அர்த்தத்தில் வசனம் வந்திருந்தது. அம்மா அதை பிளாஸ்டிக் உறை போட்டு ஃப்ரிட்ஜுக்கு மேலே சுவரில் மாட்டினார்.

மாட்டியது அம்மா, பராமரித்தது நான். சனிக்கிழமைதோறும் ஈரத் துணியால் துடைப்பேன். பரீட்சைக்குப் போகுமுன் இரண்டு விரலால் அதைத் தொட்டு, விரலை உதட்டில் வைத்துக்கொள்வேன். அதன் பக்கத்தில் கொசு அடிக்கிற பேட்டை மாட்டக் கூடாது, அதற்கு முதுகு காட்டி நிற்கக் கூடாது என்றெல்லாம் தம்பிக்குச் சட்டம் போட்டிருந்தேன். ஒன்றாம் வகுப்புப் படித்த தம்பி பயந்து பயந்து பக்கவாட்டில் நடந்துதான் ஃப்ரிட்ஜைத் திறப்பான். இவ்வளவும் செய்துகொண்டேதான் பொம்மையிடம் மணி கேட்டுவிட்டு வந்தேன்.

அந்த வருஷக் கார்த்திகையில், பெரியம்மா வருவதற்கு இரண்டு நாள் முன்பே தம்பிக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. அப்பா வீட்டில் இல்லை. தீபத்துக்கு லட்சக்கணக்கில் ஜனம் வரும் என்பதால் அரசு ஊழியர்களை ஆளுக்கு ஓரிடம் என்று போட்டுவிடுவார்கள். அப்பாவுக்குத் தற்காலிகப் பேருந்து நிலையத்தில் பணி. சர்ச்சில் காணிக்கைப் பை பிடிக்கிற அப்பா, கழுத்தில் அடையாள அட்டை தொங்க, வருஷா வருஷம் பக்தர்களுக்கு வழி சொல்லிக்கொண்டு நிற்பார். பெரியம்மா மூட்டையை இறக்கி வைத்தவர், தம்பியின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். உட்காரக்கூட இல்லை. "காய்ச்ச ஜாஸ்தியா இருக்குது, கெளம்பு" என்று அம்மாவிடம் சொல்லி, அவனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்து டெங்கு என்றார்கள். ரத்தத் தட்டணு ரொம்பக் கம்மியாக இருப்பதாகவும் உடனே சேர்க்க வேண்டும் என்றும் சொன்னார்கள். குழந்தைகள் வார்டில் ஜன்னலோரக் கட்டில் கிடைத்தது.

அம்மாவின் முகத்தில் ரத்தமே இல்லை. எங்கள் தெருவிலேயே மழை முடிந்த சமயம் ஒரு குழந்தை இதே காய்ச்சலில் போயிருந்தது.

பெரியம்மா தன் துணிப்பையின் உள்பையிலிருந்து ஒரு கறுப்புக் கயிற்றை எடுத்தார். போன தீபத்துக்கு அடி அண்ணாமலைக் கோயிலில் வாங்கி, தேவைக்கு ஆகும் என்று வைத்திருந்ததாம். தம்பியின் வலது மணிக்கட்டில் கட்டிவிட்டு, அம்மாவை ஒரு தரம் பார்த்தார். அம்மா தலையைக் குனிந்துகொண்டார். வேண்டாம் என்று சொல்ல மனசில்லை, சரி என்று சொல்ல வாய் வரவில்லை. நான் மட்டும் அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாக்குத்தத்தம் கைவசம் இருக்கிற வீட்டுப் பிள்ளையின் கையில் கறுப்புக் கயிறு. தம்பிக்கு ஏதாவது ஆகிவிட்டால் இந்தக் கயிற்றினால்தான் ஆகும் என்று உறுதியாக நம்பினேன்.

மறுநாள் தீபம். காலையில் அம்மாவோடு வீட்டுக்குப் போனபோது, அம்மா கஞ்சி வைக்கிற நேரத்தில் நான் நாற்காலி போட்டு ஏறி அட்டையைக் கழற்றினேன். தையல் மிஷின் டிராயரிலிருந்த சின்னக் கத்தரிக்கோலையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். ஆஸ்பத்திரிக்குத் திரும்பியதும் அம்மா டாக்டரைப் பார்க்கப் போனார். பெரியம்மா ஃப்ளாஸ்க்கை எடுத்துக்கொண்டு வெந்நீர் பிடிக்கக் கீழே இறங்கினார். தம்பி கண்ணை மூடிக் கிடந்தான். ஒரே வெட்டு. கயிற்றைக் கட்டிலுக்கு அடியிலிருந்த குப்பைக் கூடையில் போட்டேன். பிறகு அட்டையில் ஓட்டை போட்டு, என் பின்னலில் இருந்த ரிப்பனை உருவிக் கோத்து, அவன் இடது கையில் கட்டினேன். அந்தக் கையில்தான் குளுக்கோஸ் ஊசி இருந்தது. மருந்து வசனத்தின் வழியாகவே உள்ளே போகட்டும் என்பது என் யோசனை.

இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, நர்ஸ் வந்துவிட்டார். "யாரு இத கட்டனது? ஊசி போட்ட கையில எதயும் கட்டக் கூடாது, வீங்கிடும்" என்று ரிப்பனை அவிழ்த்து, அட்டையோடு சுருட்டி அதே கூடையில் போட்டுவிட்டுப் போனார். கயிறும் வாக்குத்தத்தமும் பஞ்சுக்கும் மாத்திரை உறைக்கும் நடுவே பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன.

அந்த நேரம் பார்த்துப் பெரியம்மா திரும்பி வந்தார். தம்பியின் வெறும் மணிக்கட்டைப் பார்த்தார். என் மடியில் கத்தரிக்கோலைப் பார்த்தார். கூடையைப் பார்த்தார். திட்டினால் பதில் சொல்ல மூன்று வசனம் தயாராக வைத்திருந்தேன். அவர் திட்டவில்லை. குனிந்து, கூடைக்குள் கையை விட்டு, அட்டையை எடுத்தார். முந்தானையால் இரண்டு பக்கமும் துடைத்து, கண்ணில் ஒற்றி, என் கையில் கொடுத்தார்.

"ஒங்க சாமி எழுத்து, குப்பையில கெடக்கலாமா? பத்திரமா வெச்சிக்கோ."

கயிற்றை அவர் எடுக்கவில்லை. எனக்கு எப்படி இருந்தது என்று உள்ளபடியே சொல்கிறேன். சிரிப்பு வந்தது. பார், காகிதத்தைக்கூடக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார், எதைக் கண்டாலும் கும்பிட்டுவிடுவார் என்று நினைத்துக்கொண்டேன். அந்த அட்டையைத் தினமும் தொட்டு முத்தமிட்ட விரல்கள் என்னுடையவை என்பது அப்போது நினைவுக்கே வரவில்லை.

சாயங்காலம் ஆறு மணி நெருங்கியது. வார்டில் நடக்க முடிந்தவர்கள் எல்லாரும் ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள். அந்த நேரத்தில் பெரியம்மா கிரிவலப் பாதையில் நின்றிருக்க வேண்டும். அம்மா இரண்டு தரம் சொல்லிவிட்டார், "அக்கா, நீங்க கெளம்புங்க, நான் பாத்துக்கறேன்" என்று. தம்பி தூக்கத்திலும் பெரியம்மாவின் வலது கை விரல்களை இறுக்கிப் பிடித்திருந்தான். உருவினால் முனகினான்.

"அடுத்த வருஷம் சுத்திக்கறேன்மா" என்றார் பெரியம்மா. "மல எங்க போயிடப் போவுது."

வெளியே ஊரே ஒரு குரலாக அரோகரா என்றது. வார்டிலும் சொன்னார்கள். பெரியம்மா எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே கழுத்தைத் திருப்பி ஜன்னலைப் பார்த்து, இடது கையை மட்டும் நெஞ்சுக்கு நேரே தூக்கினார். வலது கை என் தம்பியிடம் இருந்தது. நான் அந்த ஒற்றைக் கைக் கும்பிட்டைப் பார்த்து மனதுக்குள் கணக்குப் போட்டேன். பாதி போயிற்று, மீதியும் சீக்கிரம் போய்விடும்.

மறுநாள் காலை அப்பா பணி முடிந்து, கண் சிவந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தார். கட்டிலோரம் உட்கார்ந்தபடியே இருந்த பெரியம்மாவைப் பார்த்து, "அண்ணி, நீங்க போவலயா?" என்று கேட்டார். பிள்ளை கையை விடவில்லை என்று பெரியம்மா சாதாரணமாகச் சொன்னார். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் தட்டணு ஏறத் தொடங்கியது. அந்த வார்த்தையை டாக்டர் சொன்னபோது அம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதார். ஆண்டவருக்கு இன்றும் நன்றி சொல்கிறேன், அந்த மருத்துவருக்கும் ரிப்பனை அவிழ்த்த நர்ஸுக்கும் சேர்த்தே சொல்கிறேன். சனிக்கிழமை வீட்டுக்கு வந்தோம். மறுநாள் சபையில் ஸ்தோத்திரக் காணிக்கை செலுத்துவது என்று முடிவாயிற்று. பெரியம்மா வந்தால்தான் நான் வருவேன் என்று தம்பி அடம் பிடித்தான். அதனால் பெரியம்மாவும் வந்தார். சர்ச் கேட்டுக்கு வெளியே ஒரு நொடி நின்று, முந்தானையால் நெற்றி விபூதியைத் துடைத்துக்கொண்டு, கடைசி பெஞ்சில் தம்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

சாட்சி சொல்ல விரும்புகிறவர்கள் வரலாம் என்று போதகர் சொன்னதும், என்னைப் பிடிக்க ஆள் இல்லை. மைக்கை வாங்கி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். என் வாக்குத்தத்த அட்டையைச் சொன்னேன். கறுப்புக் கயிற்றை வெட்டிப் போட்டதைச் சொன்னேன். கடைசியாக, இருபது வருஷம் மலையைச் சுற்றி வந்த எங்கள் பெரியம்மா இந்த வருஷம் சுற்றவில்லை என்றும், கர்த்தர் அவருடைய கால்களைக் கட்டினார் என்றும், அதற்காகக் கர்த்தருக்குக் கோடானகோடி ஸ்தோத்திரம் என்றும் முடித்தேன். சபை ஆமென் என்றது. அம்மா மடியில் இருந்த கைக்குட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா காணிக்கைக் கவரோடு எழுந்து வந்தார். மைக்கை என் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டார். "எங்க அண்ணி வந்திருக்காங்க. எம் புள்ள பக்கத்துல ராப்பகலா உக்காந்து பாத்துக்கிட்டது அவங்கதான். அவங்களுக்காக எல்லாரும் ஸ்தோத்திரம் பண்ணுங்க" என்றார். அவ்வளவுதான். சபை முழுவதும் திரும்பிக் கடைசி பெஞ்சைப் பார்த்தது. பெரியம்மா பதறிப்போய், தம்பியை இறக்கிவிட்டு எழுந்து நின்று, இரண்டு கையையும் சேர்த்து எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டார். சர்ச்சுக்குள் நின்று மனிதர்களைக் கும்பிடுகிறாரே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

வெளியே வந்ததும் என் தலையைத் தடவி, "நல்லா பேசன பாப்பா. மைக்குல என்னப் பத்திகூடச் சொன்னியே" என்றார். நான் சொன்னது அவருக்குப் புரிந்ததா, புரிந்தும் அப்படிச் சொன்னாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கத் துணிவு வரவில்லை.

வீட்டுக்கு வந்து அட்டையைப் பழைய ஆணியில் மாட்ட நாற்காலி போட்டேன். அப்பா கையை நீட்டி வாங்கிக்கொண்டார். "கயித்துல ஒண்ணும் இல்லனு கண்டுபுடிச்சிட்ட. சரிதான்" என்றார். "அட்டையில இருக்குதா?" அது வசனம் என்றேன். வசனத்தைச் சொன்னவரைத் தொட முடியாது என்பதால் அட்டையைத் தொட்டுக்கொண்டிருக்கிறாய் என்று சொல்லி, அதை பீரோவில் துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஊர்ச் சொந்தத்தைப் பார்த்ததும் அப்பாவின் விசுவாசம் தளர்ந்துவிட்டது என்று அன்றைய ஜெபத்தில் அவருக்காகத் தனியாக மன்றாடினேன்.

நான் கல்லூரியில் சேர்ந்த வருஷம் அப்பா ஒரு விஷயம் சொன்னார். அவர் ஞானஸ்நானம் எடுத்த புதிதில், பெரியப்பா அவரை வீட்டுப் படி ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டாராம். மூன்று வருஷம் பேச்சு வார்த்தை இல்லை. அந்த மூன்று வருஷமும் பெரியம்மா மலையைப் பார்த்து ஒரு வேண்டுதல் வைத்திருந்தார். அண்ணனும் தம்பியும் மறுபடி ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டால், கால் உள்ளவரை ஒவ்வொரு தீபத்துக்கும் வெறுங்காலில் சுற்றி வருகிறேன் என்று. ஒருநாள் பெரியப்பாவே வந்து அப்பாவைக் கையைப் பிடித்து அழைத்துப் போனார். அந்த வருஷம் தொடங்கிய நடை அது. கிறிஸ்தவனாகிவிட்ட கொழுந்தன் வீட்டுக்குத் திரும்பி வந்ததற்காக நடந்த நடை. அதைத்தான் என் தம்பியின் விரலுக்காக அவர் நிறுத்தினார். அது நின்றுபோனதற்குத்தான் நான் மைக்கில் கோடானகோடி ஸ்தோத்திரம் சொன்னேன்.

மலையா சேர்த்து வைத்தது என்று கேட்டால், இல்லை என்றுதான் இன்றும் சொல்வேன். கல்லுக்கும் கயிற்றுக்கும் காது இல்லை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அட்டைக்கும் இல்லை என்று தெரிந்துகொள்ளத்தான் நாளாயிற்று. மூன்று வருஷம் பெரியப்பாவின் சாப்பாட்டுத் தட்டுக்கு எதிரே உட்கார்ந்து, பேசிப் பேசியே அவர் மனதைக் கரைத்தது பெரியம்மா. அந்தப் பெரியம்மாவை எங்களுக்குக் கொடுத்தவர் யார் என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை.

இப்போது பெரியம்மாவுக்கு மூட்டு வலி. சுற்ற முடிவதில்லை. ஆனாலும் தீபத்துக்கு வந்துவிடுகிறார். வெந்நீர் நான் வைக்கிறேன். ஆறு மணிக்கு ஹால் ஜன்னல் திரையை நானே போய் விலக்கிவிட்டு, அவருக்கு நாற்காலி போடுகிறேன். நான் அந்தப் பக்கம் கும்பிடுவதில்லை, அவரும் எதிர்பார்ப்பதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் ஆண்டவருக்குத்தான் நன்றி சொன்னேன். அதில் ஒரு தவறும் இல்லை. எதற்காகச் சொல்ல வேண்டும் என்பதுதான் பத்து வயதில் எனக்குத் தெரியவில்லை. அந்தக் காரணம் விபூதியைத் துடைத்துக்கொண்டு, என் தம்பியை மடியில் வைத்துக்கொண்டு, கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தது.